ஞானப்பல்லும் இருபத்து நான்காம் தேதியும்

மார்ச் 1

டாக்டரம்மாவுக்கு,

அக்கா என்று ஆரம்பித்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பதினாறு மாதம் பேசாமல் இருந்தவளை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. இப்போது நிஜமாகவே வாய் வரவில்லை. என் தாடை பூட்டிக்கொண்டது. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறப்பதில்லை. வலது கன்னம் பந்து மாதிரி. எச்சில் விழுங்கினால் காது வரைக்கும் இழுக்கிறது.

இங்கே பொது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நகல் இத்துடன். “ஞானப்பல் படுத்துக்கிட்டு முளைக்குது. வீக்கம் வடியட்டும், வெட்டி எடுத்துடலாம்” என்றார் டாக்டர். முப்பத்தோரு வயதில் ஞானம் வருகிறது, அதுவும் படுத்துக்கொண்டு. சிரிக்கலாம் என்றால் தாடை விடவில்லை.

எனக்கு ஒன்று தெரிந்தால் போதும். எப்போது எடுத்தால் 24ஆம் தேதி நான் பேச முடியும்?

24ஆம் தேதி என்ன என்று உனக்குத் தெரியாமல் இருக்காது, அத்தான்தானே எங்கள் மேனேஜர். தெரியாத மாதிரி இருந்தால் சொல்கிறேன். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், வெட்டும் இயந்திரத்தில், ஜனவரியில் ஒருத்திக்கு இரண்டு விரல் போயிற்று. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள் என்பதால் அவளை நாங்கள் தேனீ என்று கூப்பிடுவோம். பாதுகாப்பு மூடியை அவளே கழற்றினாள் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் துறை அதிகாரி 24ஆம் தேதி விசாரிக்கிறார். அன்றைக்கு யாரும் வாய் திறக்காவிட்டால், காகிதத்தில் இருப்பதை வைத்து முடித்துவிடுவார்கள். காகிதத்தில் இருப்பது சூப்பர்வைசர் எழுதியது மட்டும்தான்.

மூடியைக் கழற்றியது யார் என்று நான் பார்த்தேன்.

போனில் பேச முடியாது. மெசேஜ் அனுப்பினால் உன் வீட்டில் யார் முதலில் படிப்பார் என்று தெரியும். அதனால்தான் கிளினிக் முகவரிக்கு எழுதுகிறேன். தங்கையாகக் கேட்கவில்லை. நோயாளியாகக் கேட்கிறேன். அப்படியே பதில் போடு.

---

மார்ச் 4

வாயாடிக்கு,

நோயாளிகளுக்கு நான் கடிதம் எழுதுவதில்லை. இருந்தாலும் கேட்டதற்குப் பதில்.

பல் முழுக்கச் சாய்ந்து, முன்னால் இருக்கும் பல்லின் மேல் முட்டிக்கொண்டு கிடக்கிறது. மேலே பாதி மூடிய ஈறுக்குள் சீழ் பிடித்திருக்கிறது. தாடை பூட்டியது அதனால்தான். கொடுத்த மாத்திரையை ஒரு வேளை விடாமல் முடி. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளி. நான்கைந்து நாளில் இரண்டு விரல் அளவு திறக்கும்.

எடுப்பதில்தான் சிக்கல். எக்ஸ்ரேயில் பல்லின் வேருக்குக் கீழே கறுப்பாக ஒரு பாதை ஓடுகிறது, பார். கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு அதற்குள் இருக்கிறது. உன் பல்லின் வேர் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். திரும்பாதவர்களும் உண்டு. பேச்சு குழறும். தண்ணீர் வழிவது தெரியாது.

அதனால் 24ஆம் தேதிக்கு முன் எடுக்காதே. இல்லையென்றால் விசாரணையைத் தள்ளிப்போடச் சொல். எடுத்த பிறகு ஒரு வாரமாவது அதிகம் பேசாமல் இருக்க வேண்டும்.

இதை டாக்டராகத்தான் சொல்கிறேன்.

பதினாறு மாதத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

அக்கா

---

மார்ச் 7

டாக்டரம்மாவுக்கு,

தேதியைத் தள்ளு, வாயை மூடு. பிரமாதமான வைத்தியம். மருந்துச் சீட்டில் அத்தானின் கையெழுத்து மட்டும்தான் குறைகிறது.

நேற்று மாலை தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் என் அறைக்கு வந்தார். பை நிறையப் பழச்சாறு பாட்டில். உட்கார ஒரே நாற்காலி. அதில் என் துணி காய்ந்துகொண்டிருந்தது. நின்றுகொண்டே பேசினார்.

“உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டோம்மா. பெரிய ஆஸ்பத்திரியில சொல்லி வெச்சிருக்கோம். இருபத்திரெண்டாம் தேதி அட்மிட் ஆயிடுங்க. சம்பளத்தோட ரெண்டு மாசம் லீவு.”

நான் தாளில் எழுதிக் காட்டினேன்: இருபத்தைந்தாம் தேதி ஏன் கூடாது?

“அது... டாக்டர் அன்னிக்குத்தான் தேதி குடுத்திருக்காரு.”

இருபதாம் தேதி?

“நீங்க நல்லா இருக்கணும்னுதானேம்மா இவ்வளவும்.”

பாட்டில்களைப் பையோடு திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரமாகத் திரவம்தான் சாப்பாடு என்பதால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

நான் பார்த்ததை உனக்கும் எழுதி வைக்கிறேன். என் மேஜை அந்த இயந்திரத்துக்கு நேர் எதிரே. வெட்டிய அட்டையில் ஓரம் சரியா என்று பார்ப்பது என் வேலை. அட்டை சிக்கினால் மூடியைத் திறந்து எடுத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். அதற்கு நேரமாகிறதாம். திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் திருப்புளியை வாங்கி, தன் கையாலேயே நான்கு திருகையும் கழற்றினார். “ஆர்டர் முடியட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்” என்றார். மூன்று நாள் அந்த மூடி என் மேஜைக்கடியில் கிடந்தது. சாப்பாட்டுப் பையை அதன் மேல்தான் வைத்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை, தெரியுமா? புதன்கிழமை அவள் கத்தும் வரைக்கும் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னோடு சேர்த்துப் பத்துப் பேர் பார்த்தோம். மற்ற ஒன்பது பேருக்கும் வீட்டில் பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நீ கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். பதினாறு மாதத்துக்கு முன் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அத்தான், “நான் வாங்கிக் குடுத்த வேலையில உக்காந்துக்கிட்டு எனக்கே எதிரா சங்கமா?” என்று கேட்டபோது, நீ ஈரத்துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது என்னையும் பேசாதே என்கிறாய்.

12ஆம் தேதி பல்லை எடுக்கிறேன். தேதி வாங்கியாயிற்று. பல்லோடு போனால் 24ஆம் தேதி தாடை மறுபடியும் பூட்டிக்கொண்டால் யார் பொறுப்பு? எடுத்துவிட்டுப் போகிறேன். உதடு போனால் போகட்டும், நாக்கு இருக்கிறது.

---

மார்ச் 9

உன் கடிதம் இன்று காலை வந்தது. வெளியே மூன்று பேரை உட்காரவைத்துவிட்டு எழுதுகிறேன். கூரியரில் போடுகிறேன், 12ஆம் தேதிக்குள் கிடைத்துவிடும்.

உன் அத்தானிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதங்கள் கிளினிக்கில், பல் அச்சுகள் வைக்கிற இழுப்பறையில் இருக்கின்றன. இதை நம்பு, நம்பாமல் போ. ஆனால் இனி எழுதுவதைக் கேள்.

உள்ளே இருக்கும் உறையை உன்னை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் கொடு. பல்லை முழுசாக நெம்ப வேண்டாம், துண்டு துண்டாக வெட்டி எடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னொரு டாக்டர் சொல்கிறாரே என்று அவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

எடுத்த பிறகு பஞ்சை ஒரு மணி நேரம் அழுத்திக் கடி. பேசுகிறேன் என்று துப்பிவிடாதே. முதல் நாள் கன்னத்தில் ஐஸ். எதையும் உறிஞ்சிக் குடிக்காதே, காறித் துப்பாதே. குழியில் ரத்தம் கட்டியாக உறைந்து நிற்க வேண்டும், அதுதான் காயத்துக்கு மூடி. அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். அந்த வலி இந்த வலி மாதிரி இருக்காது.

மேஜையைத் துடைத்தது உண்மை. பயத்தால் என்று நீ நினைத்திருப்பாய். பயம் இல்லை, வசதி. பேசாமல் இருப்பது வசதியாக இருந்தது.

ஆள் கூப்பிடுகிறார்கள்.

அக்கா

---

மார்ச் 12

அக்கா,

எடுத்தாயிற்று. நான்கு துண்டு. பஞ்சு வாயில். படுத்துக்கொண்டே எழுதுவதால் கோணல் எழுத்து. உன் உறையைப் படித்துவிட்டு டாக்டர், “யாரும்மா இவங்க, எனக்குப் பாடம் எடுக்கறாங்க?” என்றார். பிறகு துண்டு துண்டாகத்தான் எடுத்தார்.

உதடு இன்னும் ஊசி மருந்தில் மரத்திருக்கிறது. அல்லது மருந்தால் இல்லை. நாளைக்குத் தெரியும்.

---

மார்ச் 17

அக்கா,

மருந்தால் இல்லை.

மருந்து இறங்கி ஐந்து நாள் ஆகிறது. வலது பக்கம் பாதி உதடும் முகவாயும் என்னுடையது மாதிரி இல்லை. கிள்ளினால் யாரையோ கிள்ளுவது போல் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது. ‘ப’ சொன்னால் காற்றுப் போகிறது. ‘பாதுகாப்பு’ என்று கண்ணாடி முன்னால் நின்று இருபது தரம் சொன்னேன். இருக்கிற வார்த்தைகளில் அது ஒன்றுதான் எனக்கு வேண்டும், அதில் இரண்டு இடத்தில் ‘ப’.

நீ எச்சரித்தது நடந்துவிட்டது. எச்சரித்ததற்காக உன்னைத் திட்டினேன், அது என் தப்பு. தேதியை மாற்றாதது தப்பில்லை.

முதல் மூன்று நாள் வலி குறைந்துகொண்டு வந்தது. நான்காம் நாளிலிருந்து ஏறுகிறது. காதுக்குள், கண்ணுக்குப் பின்னால், கழுத்தில். வாயில் கெட்ட நாற்றம். மாத்திரை கேட்பதில்லை. தேனீதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வலது கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இடது கையால் ஐஸைத் துணியில் சுற்றி என் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “எனக்காக நீ இவ்வளவு படணுமா? விட்டுடு. நான் வேற வேலை பாத்துக்கறேன்” என்றாள்.

“எந்தக் கையால?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் தன் கட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “வாய் வீங்கியும் உனக்கு வாய் குறையல” என்றாள்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். நேற்று முதன்முதலாக, போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். வலி தாங்காமல் இல்லை. நான் பேசும்போது அவர்கள் சிரிப்பார்களே என்று.

---

மார்ச் 19

என் வாயாடிக்கு,

முதலில் இது: ரத்தக்கட்டி பெயர்ந்திருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. குழியைக் கழுவி மருந்து நனைத்த துணியை உள்ளே வைப்பார்கள். கிராம்பு வாசனை வரும். அரை மணி நேரத்தில் வலி பாதியாகும். பெரிய வலிக்குச் சின்ன வைத்தியம்; தாங்கிக்கொண்டு கிடப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

போய் வந்தாயா? இனி மேலே படி.

செவ்வாய்க்கிழமை உன் அத்தான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். அப்படி வருகிறவர் இல்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“உன் தங்கச்சிக்குப் பல்லு எடுத்திருக்காங்களாமே. உதடு மரத்துப் போச்சாம்.”

“உங்களுக்கு யார் சொன்னது?”

“ஃபேக்டரின்னா நாலு பேர் பேசத்தான் செய்வாங்க. ஒரு உதவி பண்ணு. உன் கிளினிக் லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி. இந்த நிலைமையில ஒரு மாசத்துக்கு அவளால பேச முடியாது, சாட்சி சொல்ற நிலைமையில இல்லன்னு. அவ நல்லதுக்குத்தான். அங்க வந்து அசிங்கப்படுவா.”

பழச்சாறு பாட்டில் யார் அனுப்பியது என்று எனக்கு அப்போது புரிந்தது. புரிய இவ்வளவு நாள் ஆனதுதான் அசிங்கம்.

“மூடியைக் கழட்டச் சொன்னது யாரு?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் உனக்குப் புரியாது.”

“பல்லு உங்களுக்குப் புரியுமா? புரியாத விஷயத்துல எனக்கு ஏன் ரெண்டு வரி சொல்லித் தர்றீங்க?”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவரை நான் இப்படிக் கேட்டதில்லை. எனக்கே என் குரல் புதுசாக இருந்தது. “இந்த கிளினிக் யாரால வந்ததுன்னு மறந்துடாத” என்றார். “நாற்காலி உங்களால வந்துது. படிப்பு என்னுது” என்றேன். பிறகு மடித்த துணியையே மறுபடி மடித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை லெட்டர்ஹெட்டில் எழுதினேன். ஆனால் அவர் கேட்டதை எழுதவில்லை. அது இத்துடன் இருக்கிறது. நோயாளியின் அறிவும் நினைவும் தெளிவாக இருக்கின்றன; உதட்டு நரம்பு பாதிப்பால் சில எழுத்துகள் சரியாக ஒலிக்காது; மெதுவாகப் பேசினால் புரியும்; இடையில் ஓய்வும், தேவைப்பட்டால் எழுதிக் காட்டும் வசதியும் தந்து அவரது சாட்சியத்தைப் பதிவு செய்யலாம். கீழே என் கையெழுத்து, பதிவு எண், முத்திரை. உன்னைப் பார்த்த டாக்டரிடமும் ஒரு கையெழுத்து வாங்கு. இரண்டு பேர் சொன்னால் தட்ட முடியாது.

சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பேசு.

அக்கா

---

மார்ச் 25

அக்கா,

பேசிவிட்டேன்.

அன்றே போனேன், கிராம்பு வாசனையோடு திரும்பினேன், தூங்கினேன். 22ஆம் தேதி தையல் பிரித்தார்கள். உன் டாக்டர் ஜாதியே ஒரு மாதிரிதான். எனக்குப் பாடம் எடுக்கிறாரா என்று கேட்ட அதே ஆள், உன் சான்றிதழை இரண்டு தரம் படித்துவிட்டு, “சரியா எழுதியிருக்காங்க” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விசாரணை ஒரு நீள அறையில். கூரை விசிறி ஓடிய சத்தத்தில் நல்ல வாய் உள்ளவர்கள் பேசுவதே கேட்கவில்லை. ஒரு பக்கம் கம்பெனி வக்கீல், சூப்பர்வைசர், அத்தான். இந்தப் பக்கம் நான், தேனீ, கன்னத்தில் அழுத்த ஒரு கைக்குட்டை.

முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் வக்கீல் எழுந்தார். “சார், இவங்க என்ன பேசறாங்கன்னே புரியல. இந்தச் சாட்சியை விட்டுட்டு ரெக்கார்ட்ல இருக்கறத வெச்சு முடிச்சுடலாம்.”

சூப்பர்வைசர் குனிந்துகொண்டு சிரித்தார். நான் காத்திருந்தேன். சான்றிதழைக் கொடுத்தேன். அதிகாரி சத்தமாகப் படித்தார். முத்திரையில் உன் பெயர் வந்தபோது அத்தான் நிமிர்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பதினாறு மாதம் காத்திருந்தேன். பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலை இருந்தது.

அதிகாரி எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். “மெதுவா சொல்லுங்கம்மா. எனக்கு அவசரமில்ல” என்றார்.

நாற்பது நிமிஷம் பேசினேன். ‘பாதுகாப்பு’ வந்த ஒவ்வொரு தரமும் விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எந்த நாள், எந்த நேரம், எந்தக் கையில் திருப்புளி, என்ன சொன்னார், எல்லாம். எச்சில் வழிந்தது, தேனீ துடைத்துவிட்டாள். நான் மூன்று நாள் சும்மா இருந்ததையும் சொன்னேன். அப்போது வக்கீல் குதித்து எழுந்தார். “பாத்தீங்களா சார், ஆபத்துன்னு தெரிஞ்சும் அன்னிக்கு இவங்க ஏன் சொல்லல?”

“பயந்தேன்,” என்றேன். “இன்னிக்கும் பயம்தான். பயத்தோடதான் சொல்றேன்.”

அப்போதுதான் அது நடந்தது. கதவோரம் நின்றிருந்தாள், ஒட்டும் பிரிவில் வேலை பார்க்கிறவள், மூன்று பிள்ளைக்காரி. கூப்பிடாமலே உள்ளே வந்தாள். “சார், நானும் பாத்தேன். இவங்க சொல்றது ஒரு எழுத்து விடாம எனக்குப் புரியுது. புரியலன்னு சொல்றவங்களுக்கு நான் திருப்பிச் சொல்றேன்” என்றாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

உத்தரவு மூன்று வாரத்தில் வருமாம். அதிகாரி நேராகத் தொழிற்சாலைக்குப் போய் இயந்திரத்தைப் பார்த்தார்.

உதடு அப்படியே இருக்கிறது. உனக்கு வீட்டில் என்ன நடக்கிறது? மழுப்பாமல் எழுது.

தங்கை

---

ஏப்ரல் 16

என் தங்கைக்கு,

உத்தரவின் நகலும் உன் கடிதமும் நேற்று சேர்ந்தே வந்தன. மேலிருந்து வந்த வாய்மொழி உத்தரவின் பேரில் சூப்பர்வைசரே மூடியைக் கழற்றினார், தொழிலாளியின் மேல் தவறு இல்லை, உடனே வேலைக்குத் திரும்ப எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நாற்காலியில் ஒரு நோயாளி வாயைத் திறந்துகொண்டு இருக்கும்போதே படித்தேன். அவர் பாவம், திறந்த வாயோடு காத்திருந்தார்.

உன்னை ஊருக்கு வெளியே கிடங்குக்கு மாற்றியிருப்பதாகவும், மாற்றல் தாளில் நீ கையெழுத்துப் போட மறுத்ததாகவும், உனக்காகப் பதினான்கு பேர் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் நின்றதாகவும் எழுதியிருக்கிறாய். மார்ச் தொடக்கத்தில் நீ தனி ஆள்.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். மழுப்பவில்லை. அவர் ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், “உனக்கு நான் முக்கியமா, அவ முக்கியமா?” என்றார். “தராசு எடுத்துட்டு வந்தா சொல்றேன்” என்றேன். வாயாடி நீ மட்டும் இல்லை. இப்போது கிளினிக்குக்கு மேலே இருக்கும் அறையில் தங்கியிருக்கிறேன். அவர் வந்து, மூடியைப் பற்றி முதலிலிருந்து உண்மையைச் சொன்னால் உட்கார்ந்து கேட்பேன். அதுவரை இங்கேதான். வாடகைக்கு வேறு நாற்காலி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டு வருகிறேன். காய்ந்த துணியை எடுத்து உன் அறையின் அந்த ஒரே நாற்காலியைக் காலி செய்து வை. நீ அதில் கண்ணை மூடி உட்கார வேண்டும். பஞ்சின் நுனியால் உன் உதட்டையும் முகவாயையும் தொட்டுக்கொண்டே வருவேன். தொடுவது தெரிந்தால் ‘ம்’ சொல். தெரியாத இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு அளவெடுப்பேன். மாதம் ஒரு தரம் இப்படிச் செய்வோம். கோடு சுருங்கினால் நரம்பு திரும்பி வருகிறது என்று அர்த்தம். சுருங்காமலும் போகலாம். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை காலை தொழிற்சாலை வாசலில் எல்லாரும் கூடுகிறீர்கள், நீதான் பேச வேண்டும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முகத்தில் கோடு இருக்கிறதே என்று கழுவிவிட்டுப் போகாதே. அதோடேயே நின்று பேசு. யாராவது அது என்ன என்று கேட்டால் சொல்வதற்கு நான் பக்கத்தில் நிற்பேன்.

அக்கா